தாத்தா வீட்டு ஆளுக குழு: ஜீப் ஏன் எறக்கத்துல நிக்குது

தம்பி, காலை 6.51
மாமா ஜீப் திரும்பவும் நின்னுருச்சு. நுவரெலியாவுல ஸ்டார்ட் பண்றப்ப நல்லாதான் இருந்துச்சு, நானுஓயா எறக்கத்துல எக்ஸலேட்டர்ல இருந்து கால எடுத்துட்டு வர்றேன், இருமி இருமி ஆஃப். கொழும்பு கராஜ்ல இருந்து எடுத்ததுலருந்து இதே கததான், ஃபில்டர் மாத்தியாச்சு பிளக் மாத்தியாச்சு

பெரிய மாமா, 6.54
செல்ஃப் அடிச்சுக்கிட்டே இருக்காத, பெட்டரி போயிரும். பொனட்ட தொறந்து காபரேட்டர் கழுத்துல, அதான் பெற்றோலையும் காத்தையும் கலக்குற பாகம், அதுல கைய வச்சு பாரு

தம்பி, 6.57
ஜில்லுன்னு இருக்கு. வெளிப்பக்கம் வெள்ளையா பூத்துருக்கு மாமா, நகத்தால சுரண்டுனா வருது

சித்தி, 6.58
ஐயோ எறக்கத்துலயா நின்னுச்சு? பிரேக் புடிச்சுச்சா?

பெரிய மாமா, 6.59
பிரேக்குக்கு ஒண்ணும் ஆகாது தங்கச்சி, எஞ்சின் இழுப்புல பிரேக்குக்கு பலம் குடுக்குற வேக்குவம் பூஸ்டரே அந்த ஜீப்புல கெடையாது, எஞ்சின் நின்னாலும் புடிக்கும். தம்பி அது நெசமாவே ஐஸ். பத்து நிமிஷம் சும்மா வுடு, எஞ்சின் சூட்டுல கரைஞ்சு தானா ஸ்டார்ட் ஆகும்

அத்தான், 7.03
நம்ம ஊர்ல ஐஸா? வெளிய 10 டிகிரிக்கு கொறையலயே

பெரிய மாமா, 7.10
வெளிய பூச்சியத்துக்கு போக வேண்டியதில்ல. பெற்றோல் ஆவியாகுறப்ப சுத்தியுள்ள சூட்ட இழுத்துக்கிரும், காபரேட்டருக்குள்ள வெளிய இருக்கறத விட 20 டிகிரி வரைக்கும் கொறையும். வெளிய 10 டிகிரி, கூடவே நம்ம பனிமூட்டம், காத்து பூராவும் ஈரம். அந்த ஈரம்தான் காத்து போற வழிய தொறந்து மூடுற துரோட்டில் தகட்டுல ஒட்டி ஐஸா ஒறையுது. எறக்கத்துல கால எடுத்தா தகடு மூடிக்கிரும், இடுக்கு சின்னது, கொஞ்சம் ஐஸ் புடிச்சாலே காத்து போற வழி அடைஞ்சுரும். கொழும்புல அந்த சூட்டுக்கு இது எங்க நடக்கப்போகுது

பெரிய மாமா, 7.12
மேல இன்டேக் மெனிபோல்ட், காத்தும் பெற்றோலும் எஞ்சினுக்குள்ள போற குழாய். கீழ எக்ஸோஸ்ட் மெனிபோல்ட், புகை வெளிய போற குழாய். அது ரெண்டும் ஒட்டுற எடத்துல வெளிய ஒரு வெயிட்டும் சுருள் ஸ்பிரிங்கும் இருக்கும், படம் எடுத்து போடு

தம்பி, 7.19
📷 படம்
எஞ்சின் ஸ்டார்ட் ஆயிருச்சு மாமா நீங்க சொன்ன மாதிரியே. அந்த வெயிட்ட கம்பி போட்டு இழுத்து கட்டிருக்கு

பெரிய மாமா, 7.31
நெனச்சேன். அதுதான் ஹீட் கன்ட்ரோல் வால்வ். உள்ள ஒரு தகடு இருக்கு. எஞ்சின் குளுந்துருக்கறப்ப ஸ்பிரிங் அந்த தகட்ட திருப்பி வச்சுரும், சைலன்சருக்கு போற சூட்டு புகை நேரா போகாம மேல ஏறி இன்டேக் அடிப்பக்கத்த சுட வச்சுட்டு அப்பறம்தான் போகும். அந்த சூட்டுலதான் பெற்றோல் ஒழுங்கா ஆவியாகும், ஐஸ் புடிக்காது, குளுந்த எஞ்சின ஸ்டார்ட் பண்ண இழுக்குற சோக்கையும் சீக்கிரம் உள்ள தள்ளிரலாம். ஸ்பிரிங் ரெண்டு உலோகத்த ஒட்டி செஞ்சது, சூடேறுனா தளந்துரும், வெயிட் சாஞ்சு தகடு தொறந்து புகை நேரா போயிரும். கரன்ட் இல்ல கம்ப்யூட்டர் இல்ல, தானா நடக்குற வேல. நம்ம ஜீப் 1951 மொடல் சிஜே 3ஏ, 60 குதிரை சக்தி சைட் வால்வ் எஞ்சின், அத செஞ்சவன் குளுருக்குன்னு யோசிச்சு வச்சத கம்பி போட்டு தொறந்தே கட்டிட்டாங்க. கொழும்புக்கு சரி, நுவரெலியாவுக்கு சரியே இல்ல

அத்தான், 7.36
எங்க மொரிஸ் மைனர்ல இப்படி ஒண்ணும் பாத்ததில்லயே மாமா

பெரிய மாமா, 7.40
அதுல ரெண்டு மெனிபோல்டும் ஒட்டுற எடத்துல எப்பவும் சூடு ஏறும், வால்வ் கெடையாது. உங்க புது கார்ல பெற்றோல இன்டேக் வால்வ் கிட்டயே பீச்சி அடிக்குது, அதனால தேவையே இல்ல

அத்தான், 7.42
அப்ப கம்பிய அறுத்துட்டா ராம்பொட ஏத்தத்துல கொதிக்காதா? அதுக்குத்தானே கட்டிருப்பாங்க

பெரிய மாமா, 7.55
நல்ல கேள்வி. தகடு துருப்புடிச்சு மூடுன நெலையில இறுகிட்டா கண்டிப்பா கொதிக்கும். எஞ்சின் சூடான பொறவும் சூட்டு புகை இன்டேக்க சுட்டுக்கிட்டே இருக்கும், பெற்றோல் காபரேட்டருக்குள்ளயே கொதிச்சு ஏத்தத்துல இழுக்காது, நிப்பாட்டி திரும்ப அடிச்சா ஸ்டார்ட் ஆகாது. மேல போகப்போக காத்தழுத்தம் கொறையுது, பெற்றோல் இன்னும் சீக்கிரம் கொதிக்கும், அதனால நமக்கு ரெட்டைத் தொல்ல. ஆனா அதுக்கு வைத்தியம் இறுகுன தகட்ட எளக்கி சுத்த வைக்கிறது, கட்டிப்போடுறது இல்ல

தம்பி, 8.02
நானே பண்ணலாமா மாமா இல்ல மெக்கானிக் பாஸ்கிட்ட குடுக்கணுமா

பெரிய மாமா, 8.15
நீயே பண்ணலாம். எஞ்சின் நல்லா ஆறுன பொறகு மட்டும். கம்பிய அறு, துரு எளக்குற ஸ்பிரே டபிள்யூடி ஃபோர்ட்டிய தகடு சுத்துற அச்சுக்கு ரெண்டு பக்கமும் அடிச்சு ராத்திரி பூரா ஊற வுடு. காலையில சின்ன சுத்தியலால அச்சோட நுனிய இந்தப் பக்கம் மெதுவா தட்டு, அந்தப் பக்கம் மெதுவா தட்டு, வார்ப்பு இரும்பு அது, ஓங்கி அடிச்சா ஒடைஞ்சுரும். எஞ்சின் ஒயில் ஊத்தவே ஊத்தாத, சூட்டுல கருகி இன்னும் இறுகிரும். லேசா சுத்த ஆரம்பிச்சா கிரஃபைட் பொடி போடு

பெரிய மாமா, 8.17
அப்பறம் குளுந்த எஞ்சின்ல வெயிட்ட கையால தள்ளி வுட்டா ஸ்பிரிங் திரும்பி இழுக்கணும். ஸ்டார்ட் பண்ணி ஒரு தடவ எக்ஸலேட்டர அமுக்கி வுட்டா வெயிட் துள்ளணும். சூடேறுன பொறகு தொறந்த பக்கம் சாஞ்சு நிக்கணும். சூடானா கைய வைக்காத, கண்ணால பாரு

சித்தி, 8.20
அதுவரைக்கும் புள்ளைகள பஸ்ல அனுப்புறேன்

பெரிய மாமா, 8.22
அனுப்பு தங்கச்சி. தம்பி, வெயிட் துள்ளுறத வீடியோ எடுத்து போடு. ஸ்பிரிங் சூட்டுல வெந்து இழுவ போயிருந்தா புதுசு வேணும், கழட்டி தூக்கிப் போட்டுறாத, அதோட அளவு பாத்து தேடுவோம்