அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: கிரீம் ஊற்றாத அல்ஃபிரெடோ சாஸ்

வந்த சில மாதங்களிலேயே பிள்ளைகள் அல்ஃபிரெடோ பாஸ்தா கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். காரம் கிடையாது, வெள்ளையாக வழவழவென்று இருக்கும், பிடிக்காமல் போகாது. ஆனால் இங்கே உணவகத்தில் அதற்கு ஊற்றுவது ஹெவி கிரீம். சட்டப்படி அதில் குறைந்தது 36 சதவீதம் பால் கொழுப்பு இருக்க வேண்டும். ஒரு கப்பில் 85 கிராமுக்கு மேல் கொழுப்பு. அதே ஒரு கப் முழுக்கொழுப்புப் பாலில் சுமார் 8 கிராம்தான். என்றைக்கோ ஒரு நாள் வெளியே சாப்பிட்டால் சரி. வாரம் ஒரு முறை வேண்டும் என்றால் வீட்டில் பாலிலேயே செய்துவிடுங்கள்.

பாலில் செய்தால் போலி ஆகிவிடுமோ என்று தயங்க வேண்டாம். ரோமில் உணவகம் நடத்திய அல்ஃபிரெடோ டி லெலியோ செய்த மூல வடிவத்தில் கிரீமே கிடையாது. வெண்ணெய், பார்மிஜானோ சீஸ் (இங்கே பார்மேசான் என்பார்கள்), பாஸ்தா வெந்த நீர், அவ்வளவுதான். 1920-இல் தேனிலவுக்குப் போன ஹாலிவுட் நட்சத்திரங்கள் மேரி பிக்ஃபோர்டும் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸும் அங்கே சாப்பிட்ட பிறகு அது இந்த நாட்டில் பிரபலமானது. கிரீம் அமெரிக்க வழக்கம்.

கொழுப்பைக் குறைக்க வேண்டும் என்று சீஸில் கை வைத்துவிடாதீர்கள். ருசி முழுக்க அதில்தான் இருக்கிறது. கிரீம் தருவது பெரும்பாலும் கெட்டித்தன்மை. அந்த வேலையைக் கொஞ்சம் மைதா செய்துவிடும்.

நான்கு பேருக்கு: பாஸ்தா 350 கிராம், அதாவது ஒரு பவுண்டு பெட்டியில் முக்கால் பங்கு. வெண்ணெய் 1 மேசைக்கரண்டி, பொடியாக நறுக்கிய பூண்டு 3 பல், மைதா 2 மேசைக்கரண்டி, பால் 2 கப், துருவிய பார்மேசான் முக்கால் கப், மிளகுத்தூள், ஒரு சிட்டிகை ஜாதிக்காய். பால் 2 சதவீதக் கொழுப்புள்ளதாக இருந்தால் போதும். கொழுப்பே இல்லாத ஸ்கிம் பால் வேண்டாம், சாஸ் சப்பென்று இருக்கும்.

மைதாவைக் கால் கப் குளிர்ந்த பாலில் கட்டியில்லாமல் கரைத்து வையுங்கள். வெண்ணெயில் பூண்டை நிறம் மாறாமல் வதக்கி, மீதிப் பாலை ஊற்றுங்கள். சூடானதும் கரைசலைச் சேர்த்து, மிதமான தீயில் கை எடுக்காமல் கிளறுங்கள். நாலைந்து நிமிடத்தில் பச்சை மாவு வாசனை போய், கரண்டியின் பின்பக்கம் ஒட்டும் பதம் வரும். அப்போது அடுப்பை அணைத்துவிட வேண்டும். அதற்கப்புறம்தான் சீஸ், அதையும் கொஞ்சம் கொஞ்சமாக. மோர்க்குழம்பைக் கொதிக்க விட்டால் திரிந்துபோகிற மாதிரிதான் இதுவும்: சீஸ் போட்ட பிறகு கொதித்தால் புரதம் இறுகித் திரிதிரியாகப் பிரிந்துவிடும். மாவு ஓரளவு காப்பாற்றும், முழுக்க நம்பாதீர்கள்.

பாஸ்தா வெந்த நீரில் அரை கப் எடுத்து வைத்திருங்கள். சாஸில் பாஸ்தாவைப் புரட்டும்போது இறுகினால் அதை ஊற்றித் தளர்த்தலாம். உப்பைக் கடைசியில் பார்த்துச் சேருங்கள், சீஸிலேயே நிறைய இருக்கிறது.

சீஸ் வாங்கும்போது கட்டியாக வாங்கி வீட்டில் துருவுங்கள். துருவியே விற்பதில் ஒட்டாமல் இருக்கச் செல்லுலோஸ் தூள் கலந்திருப்பார்கள். சாஸில் மென்மையாக உருகாது. சைவர்கள் இன்னொன்றையும் அவசியம் கவனிக்க வேண்டும். இத்தாலியிலிருந்து வரும் அசல் பார்மிஜானோ ரெஜ்ஜானோவை, கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்து, பாலை உறைய வைக்கப் பயன்படுத்தும் ரென்னெட்டைக் கொண்டுதான் செய்ய வேண்டும் என்பது விதி. அதைப் போன்ற இன்னொரு இத்தாலியச் சீஸான கிரானா படானோவும் சைவர்களுக்கு ஆகாது. அமெரிக்காவில் தயாராகும் பார்மேசான்களில் சிலவற்றில் நுண்ணுயிர் ரென்னெட் பயன்படுத்துகிறார்கள். உறையில் 'வெஜிடேரியன்' அல்லது 'மைக்ரோபியல்' என்று தெளிவாக இருந்தால் வாங்குங்கள். வெறுமனே 'என்சைம்ஸ்' என்று மட்டும் இருந்தால் எதிலிருந்து எடுத்தது என்று சொல்ல முடியாது. உணவகத்தில் இறைச்சி இல்லாத பாஸ்தா என்று தருவதிலும் இந்தச் சீஸ் இருக்கலாம், கேட்டுவிடுவது நல்லது.

பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை ஒத்துக்கொள்ளாதவர்கள் லாக்டோஸ் நீக்கிய பாலில் செய்யலாம். லேசாக இனிக்கும், மிளகைக் கூட்டினால் தெரியாது. நன்கு முதிர்ந்த பார்மேசானில் லாக்டோஸ் ஏறக்குறைய இருக்காது.

ப்ராக்கோலி, பட்டாணி, காளான் எதுவும் சேரும். கரம் மசாலா மட்டும் வேண்டாம் என்பேன், சீஸின் மணத்தை அமுக்கிவிடும். காரம் வேண்டுமானால் மிளகே போதும்.

மீந்தது ஃபிரிட்ஜில் கெட்டியாகிவிடும். மறுநாள் இரண்டு கரண்டி பால் விட்டு, சிறு தீயில் கிளறிச் சூடாக்கி, பிள்ளைகளின் மதிய உணவுக்குத் தெர்மாஸ் டப்பாவில் கொஞ்சம் தளர்வாகவே போட்டுக் கொடுங்கள். மதியத்துக்குள் இன்னும் இறுகும்.