உபவாசமிருந்து ஜெபித்தும் கணவரை இழந்தேன். "ஏன்" என்று தேவனிடம் கேட்பது அவிசுவாசமா?

கேள்வி: பாளையங்கோட்டையிலிருந்து ஒரு சகோதரி

அனைவருக்கும் ஸ்தோத்திரம். கணையப் புற்றுநோயினால் என் கணவர் சென்ற ஆண்டு மரித்துப்போனார். நோய் தெரியவந்த நாளிலிருந்து எங்கள் சபையார் ஒருவர் மாற்றி ஒருவராக இடைவிடாமல் சங்கிலி ஜெபம் செய்தார்கள். வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்தில் அவர் பெயரைச் சொல்லி ஜெபிக்காத வாரமே இல்லை. அந்தப் புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டையில் "வாதை உன் கூடாரத்தை அணுகாது" என்ற வசனம் இருந்தது. அதைக் கட்டிலுக்கு எதிரே சுவரில் ஒட்டிவைத்துவிட்டுத்தான் ஒவ்வொரு முறையும் கீமோதெரபிக்குப் புறப்பட்டோம்.

அடக்க ஆராதனைக்கு வந்தவர்களில் சிலர், யோபுவைப்போல "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்று சொல்லி அமைதியடையச் சொன்னார்கள். நம்பிக்கையற்றவர்களைப்போல அழக் கூடாது என்றார் ஒருவர். எங்கள் விசுவாசத்தில் எங்கோ குறைவிருந்ததால்தான் சுகம் கிடைக்கவில்லை என்று இன்னொருவர் என் மாமியாரிடம் சொல்லியிருக்கிறார். தேவன் இல்லை என்று நான் நினைக்கவில்லை. ஆனால் துதி ஆராதனை தொடங்கியதும் என் வாய் மூடிக்கொள்கிறது; ஜெபிக்க உட்கார்ந்தால் "ஏன்" என்பதைத் தவிர வேறெதுவும் வருவதில்லை. இது பாவமா? இந்த நிலையில் விசுவாசத்தைக் காத்துக்கொள்வது எப்படி?

பதில்: ஓய்வுபெற்ற ஆயர், நாசரேத்

அன்பு மகளே, பாவம் அன்று. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றதையெல்லாம் வாசிக்க உங்களுக்கு இப்போது தெம்பு இருக்குமோ இருக்காதோ.

யோபுவை உங்களுக்கு எடுத்துக்காட்டியவர்கள் அந்தப் புத்தகத்தின் முதல் அதிகாரத்தோடு நின்றுவிட்டார்கள். மூன்றாம் அதிகாரத்திலேயே அவன் தான் பிறந்த நாளைச் சபிக்கிறான். அதன்பின் முப்பதுக்கும் மேற்பட்ட அதிகாரங்கள் வாக்குவாதமாகவே போகின்றன. எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்னும் மூன்று நண்பர்களும், துன்பம் வந்ததென்றால் உன்னிடம் ஏதோ குற்றம் இருந்திருக்க வேண்டும் என்று பக்தியான சொற்களால் வாதாடுகிறார்கள். கடைசி அதிகாரத்தில் கர்த்தருடைய கோபம் மூண்டது யார்மேல்? கேள்வி கேட்ட யோபுவின்மேல் அல்ல, கர்த்தருக்காக வக்காலத்து வாங்கிய அந்த நண்பர்கள்மேல். தம்மைப்பற்றி நிதானமாய்ப் பேசியவன் யோபுதான் என்று அவரே சொல்கிறார். அந்த நண்பர்கள் செய்த ஒரே நல்ல காரியம், வந்தவுடன் ஏழு நாள் வாய் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தது. நம் சபைகளில் துக்க வீட்டுக்குப் போகிறவர்கள் அதோடு நிறுத்திக்கொண்டால் எவ்வளவோ நன்மை.

அழக் கூடாது என்று சொன்னவர் அப்போஸ்தலர் நடபடிகள் எட்டாம் அதிகாரத்தைப் பார்க்கட்டும். வானம் திறந்திருக்கிறதைக் கண்டபடியே மரித்த ஸ்தேவானுக்காக, தேவபக்தியுள்ள மனுஷர் மிகவும் துக்கங்கொண்டாடினார்கள் என்றே எழுதியிருக்கிறது. தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதியது நம்பிக்கையற்ற துக்கத்தைப்பற்றியது. துக்கத்தையே விலக்கும் கட்டளை அல்ல அது.

இனி அந்த அட்டை. அந்த வசனம் சங்கீதம் 91-இன் பத்தாம் வசனம். அதற்கு அடுத்த இரண்டு வசனங்களைத்தான் பிசாசு தேவாலயத்து உப்பரிகையின்மேல் இயேசுவிடம் எடுத்துச் சொன்னான்: தேவன் காப்பதாக எழுதியிருக்கிறதே, தாழக் குதியும் என்றான். தமக்கு ஒன்றும் நேராது என்பதற்கான உறுதிச்சீட்டாக அந்தச் சங்கீதத்தைக் கையாள இயேசு மறுத்துவிட்டார். பின்னர் சிலுவையில் அவர் வாயிலிருந்து வந்ததோ, ஏன் என்னைக் கைவிட்டீர் என்று கேட்கும் 22-ஆம் சங்கீதம். உங்கள் நாவில் வரும் "ஏன்" அங்கேயும் இருக்கிறது. குலுக்கிப்போட்டு எடுக்கும் வாக்குத்தத்த அட்டைகளின்மேல் எனக்குப் பல ஆண்டுகளாகவே வருத்தம் உண்டு. அதை இன்னொரு நாள் பேசலாம்.

பதில்: விசுவாசி, கோயம்புத்தூர்

ஐயா சொல்வதில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்கிறேன். ஆயினும் வாக்குத்தத்தங்களின்மேல் நம்பிக்கை வைப்பதையே தவறு என்று வாசகர்கள் எடுத்துக்கொண்டுவிடக் கூடாது. விசுவாசமுள்ள ஜெபம் பிணியாளியை இரட்சிக்கும் என்று யாக்கோபு தெளிவாக எழுதியிருக்கிறார். மருத்துவர்கள் கைவிட்டபின் எழுந்து நடந்தவர்களை எங்கள் சபையில் நானே பார்த்திருக்கிறேன். சகோதரியின் மனத்தைப் புண்படுத்துவது என் நோக்கமல்ல. ஆனால் எல்லாவற்றையும் "தேவ சித்தம்" என்று விட்டுவிட்டால், பிறகு எதற்காக ஜெபிக்க வேண்டும்?

பதில்: ஓய்வுபெற்ற ஆயர், நாசரேத்

தம்பி, ஜெபிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சுகம் உண்டு, அதற்காகக் கேட்கவும் வேண்டும். சுகம் கிடைக்காதவனிடம் போய் அவனுடைய விசுவாசத்தை அளந்து பார்ப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன். சாகும் தறுவாயில் இருந்த தம் உடன்வேலையாள் எப்பாப்பிரோதீத்து பிழைத்தான் என்று பிலிப்பியருக்கு எழுதிய அதே பவுல், துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். தம் மாம்சத்தில் ஒரு "முள்" என்று சொன்ன உபாதையை நீக்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்ட அதே பவுலுக்கு, கிருபை போதும் என்ற பதிலே கிடைத்தது, முள் போகவில்லை. அப்போஸ்தலர் பன்னிரண்டாம் அதிகாரத்தில் ஏரோது ராஜா, யோவானின் சகோதரனாகிய யாக்கோபைப் பட்டயத்தினாலே கொலைசெய்கிறான். சில வசனங்கள் தள்ளி, பேதுருவைச் சிறையிலிருந்து தூதன் வெளியே கொண்டுவருகிறான். யாக்கோபின் வீட்டார் அன்று இரவு என்ன நினைத்திருப்பார்கள் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. இந்த வேறுபாட்டுக்கு அந்தப் புத்தகத்தை எழுதிய லூக்கா காரணம் எதுவும் எழுதவில்லை. நாமும் உண்டாக்கிச் சொல்ல வேண்டாம்.

பதில்: செவிலியர், மதுரை

அக்கா, நானும் கணவரை இழந்தவள்; புற்றுநோய்ப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவள். "காத்துக்கொள்வது எப்படி" என்று கேட்டிருந்தீர்கள், அதற்கு மட்டும் எழுதுகிறேன்.

சொந்த வார்த்தைகளில் ஜெபிக்க முடியாத காலத்தில் பிறருடைய வார்த்தைகளைக் கடன் வாங்கிக்கொள்ளலாம். சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். அவற்றில் 88-ஆம் சங்கீதம் கடைசி வரி வரை இருளிலேயே இருக்கிறது; மற்ற புலம்பல்களில் வருவதுபோன்ற திருப்பமும் துதியும் அதில் இல்லை. அதையும் ஆலயத்தில் பாடும்படிதான் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். ஆராதனையில் பாட முடியவில்லை என்றால் பாடாமல் உட்கார்ந்திருங்கள். சபை உங்களுக்கும் சேர்த்துப் பாடட்டும். துதிக்கும் நேரம் தாங்க முடியாததாக இருந்தால் திருவிருந்துக்கு மட்டுமாவது போங்கள், அங்கே நாம் எதுவும் பேச வேண்டியதில்லை, கையை நீட்டினால் போதும்.

உங்கள் மாவட்டத்து டோனாவூரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. அங்கே குழந்தைகளை வளர்த்துவந்த மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-இல் கீழே விழுந்து காயப்பட்டார். சுகத்துக்காக எல்லாரும் ஜெபித்தும், 1951-இல் மரிக்கும் வரை பெரும்பாலும் தம் அறையிலேயேதான் கிடந்தார். அவருக்கு விசுவாசம் குறைவு என்று உங்கள் ஊரில் யாராவது சொல்வார்களா? உங்கள் மாமியாரிடம் பேசியவரை அடுத்த முறை பார்க்கும்போது இதைக் கேளுங்கள்.

இன்னொன்று. தூக்கம், பசி இரண்டும் மாதக்கணக்கில் கெட்டிருந்தால் மருத்துவரைப் பாருங்கள். அதைச் சொல்லவும் சபையில் பலர் தயங்குகிறார்கள்.

கேள்வி கேட்ட சகோதரி

எல்லாருக்கும் நன்றி. 88-ஆம் சங்கீதத்தை இன்று வாசித்தேன். இப்படி ஒன்று வேதத்தில் இருப்பதை யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஒன்று மட்டும் கேட்க வேண்டும். என் ஒன்பது வயது மகள், "ஒருநாள் ராத்திரி ஜெபம் பண்ணாமல் தூங்கிவிட்டேன், அதனால்தான் அப்பா செத்துப்போனாரா" என்று கேட்கிறாள். பெரியவர்கள் பேசியது அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். என்ன சொல்வதென்று தெரியாமல் கட்டிக்கொண்டேன்.

பதில்: செவிலியர், மதுரை

"இல்லை" என்று நேராகச் சொல்லுங்கள் அக்கா. "அப்பாவுக்கு வந்தது மிகவும் கடுமையான வியாதி, மருத்துவர்களால் குணமாக்க முடியவில்லை, நீ செய்ததாலும் செய்யாததாலும் அது வரவில்லை." இவ்வளவு போதும். பிறவிக் குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல என்று இயேசு சொன்னதை அவளோடு சேர்ந்து வாசியுங்கள். யோவான் ஒன்பதாம் அதிகாரம். "இயேசப்பாவுக்கு அப்பா தேவைப்பட்டார், அதனால் எடுத்துக்கொண்டார்" என்று யாராவது ஆறுதல் சொல்ல வந்தால் தடுத்துவிடுங்கள், ஏனென்றால் அடுத்து அம்மாவையும் எடுத்துக்கொள்வாரோ என்றுதான் குழந்தைகள் பயப்படுவார்கள். அவள் இதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பாள். ஒவ்வொரு முறையும் அதே பதிலை அதே வார்த்தைகளில் சொல்லுங்கள். ஞாயிறு பள்ளி ஆசிரியையிடமும் இதைச் சொல்லி வையுங்கள், அங்கே வேறு பதில் கிடைத்துவிடக் கூடாது.