சிஸ்டர் டீச்சர் சம்பளத்துல டிடிஎஸ், 80ஜி பத்தி தெரிஞ்சவங்க சொல்லுங்க

எங்க சித்தி கன்னியாஸ்திரி, திண்டுக்கல் பக்கம் அரசு உதவி பெறும் ஸ்கூல்ல டீச்சர். ஏழ்மை வார்த்தைப்பாடு (தனக்குன்னு சொத்து வச்சுக்க மாட்டேங்குற உறுதிமொழி) குடுத்தவங்க, சம்பளம் வந்ததும் முழுசா பேங்க் வழியா அவங்க துறவற சபை டிரஸ்டுக்குப் போயிடும், கையில சல்லிக்காசு நிக்காது, ஆனா டிடிஎஸ் (சம்பளத்துலயே பிடிக்கிற வருமான வரி) மட்டும் பிடிச்சிடுறாங்க. (சீசருக்குரியதை சீசருக்குன்னு பைபிள் வசனத்த கமெண்ட் போட வர்றவங்க அப்படியே தாண்டிப் போங்க)

ஸ்கூல்ல கேட்டா எங்க கையில இல்லங்குறாங்க, சபை லெட்டரும் குடுத்துப் பாத்தாச்சு. 2019ல சென்னை ஹைகோர்ட்டும் 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட்டும் டிடிஎஸ் பிடிக்கணும்னு சொல்லிட்டதால விலக்கு கேக்குறது இனி வேஸ்ட். வருமான வரி நியூ ரெஜிம்ல (புது வரி முறை) 80ஜி, அதாவது நன்கொடைக்கான வரிக் கழிவு, கிடையாது. டிரஸ்டுக்கு 80ஜி ரெஜிஸ்ட்ரேஷன் இருக்கு, ஆனா ஓல்டு ரெஜிம்ல (பழைய வரி முறை) க்ளெய்ம் பண்ணலாமான்னு கேட்டா ஒரு ஆடிட்டர் ஓகேங்குறார், இன்னொருத்தர் நோட்டீஸ் வரும்னு பயமுறுத்துறார்.

ஓல்டு ரெஜிம்ல ரிட்டர்ன் போட்டு, சொந்த சபைக்குக் குடுத்த சம்பளத்துக்கு 80ஜி க்ளெய்ம் பண்ணி ரீஃபண்ட் வாங்குன சிஸ்டர், ஃபாதர் யாராச்சும் இருக்கீங்களா?