பதில்: அம்புக்குறிகளுக்கு எழுதும் குறியீட்டுக்குத் தமிழில் என்ன சொல்?

நண்பர்களுக்கு வணக்கம்.

> ← வேண்டுமென்றால் வலைப்பக்கத்தில் &#8592; என்று எழுதுகிறோம். இதை 'அம்புக்குறிக் குறியீடு' என்றே சொல்லிவிடலாமே?

எனக்கு இதில் உடன்பாடில்லை. 'குறி' இரண்டு முறை வந்து காதை உறுத்துவது சின்ன விஷயம். 'குறியீடு' ஏற்கெனவே அளவுக்கு மீறிச் சுமக்கிறது என்பதுதான் பெரிய சிக்கல். கணிதத்தில் கூட்டல் அடையாளமும் குறியீடு, கடித உறையில் எழுதும் எண்ணும் குறியீடு, நிரலாளர் எழுதும் நிரலும் சிலருக்குக் குறியீடு. அதோடு, இங்கே இரண்டு பொருள்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும்.

முதலாவது, எண். உலக மொழிகளின் எழுத்துகளுக்கும் அடையாளங்களுக்கும் எண் கொடுக்கும் பொதுத் தரமான யூனிகோடு, ← என்ற வரியுருவுக்கு (எழுத்து, அடையாளம் எதுவானாலும் வரியுருதான்) 8592 என்ற எண்ணைக் கொடுத்திருக்கிறது. ↑ 8593, → 8594, ↓ 8595. இவை நாம் வழக்கமாக எழுதும் பதின்ம எண்கள். பதினாறை அடியாகக் கொண்ட பதினறும முறையில் 8592 என்பது 2190. எந்த மொழியில் நிரல் எழுதினாலும் இந்த எண் மாறாது. இதற்குக் 'குறியெண்' போதும். பலர் ஏற்கெனவே புழங்கும் சொல்தான்.

இரண்டாவது, அந்த எண்ணைக் கொண்டு வரியுருவை வரவழைக்க நாம் தட்டச்சிடும் கோவை. இது இடத்துக்கு இடம் மாறும். வலைப்பக்கத்தை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லில் &#8592; என்று பதின்ம எண்ணை எழுதலாம். பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் மொழியான சிஎஸ்எஸ்ஸில் \2190 என்று பதினறும எண்ணைத்தான் எழுத வேண்டும். அங்கே போய் \8592 என்று எழுதினால் அம்பு வராது, சம்பந்தமே இல்லாத ஒரு சீன எழுத்து வந்து நிற்கும். புதிதாகக் கற்பவர்கள் இந்த இடத்தில் தடுமாறுகிறார்கள். எண்ணையும் கோவையையும் ஒரே சொல்லால் அழைத்தால் அந்தத் தடுமாற்றத்தை அவர்களுக்கு எப்படி விளக்குவது?

எண்ணே இல்லாமல் பெயராலும் அழைக்கலாம். 1997இல் வந்த எச்டிஎம்எல் 4 பதினொரு அம்புகளுக்குப் பெயர் கொடுத்தது. ← வுக்கு எல்-ஏ-ஆர்-ஆர் (larr). நடுவில் உள்ள ஏ பெரிய எழுத்தானால் அது ⇐ ஆகிவிடும்.

இந்தக் கோவைக்கு 'வரியுருச் சுட்டு' என்ற சொல்லை முன்வைக்கிறேன். சுருக்கமாகச் 'சுட்டு'. எண்ணால் அழைத்தால் எண்சுட்டு, பெயரால் அழைத்தால் பெயர்ச்சுட்டு. அ, இ, உ மூன்றையும் சுட்டெழுத்து என்கிறது நம் இலக்கணம். 'அவ்வீடு' என்பதில் உள்ள அகரம் வீடு அல்ல, வீட்டைச் சுட்டுவது. &#8592; என்பதும் அம்பு அல்ல, அம்பைச் சுட்டுவது. &#2949; என்று எழுதினால் 'அ' வரும். இந்தக் கோவை அம்புக்கு மட்டும் உரியதல்ல என்பதால், சொல்லுக்குள் 'அம்பு' இருக்கவும் கூடாது.

> 'சுட்டி' என்றால் மவுஸ் ஆயிற்றே, குழப்பாதா?

நியாயமான கேள்வி. 'சுட்டியை நகர்த்து', 'சுட்டை எழுது' என்று வினையோடு வரும்போது குழப்பம் இராது என்று நம்புகிறேன். ஆனாலும் ஒரு கட்டுரையில் முதன்முறை வரும்போது 'வரியுருச் சுட்டு' என்று முழுதாகவே எழுதுவோம். இதே கோவைக்கு 'உள்பொருள்' என்ற பரிந்துரையும் வந்தது. எதற்கு உள்ளே, என்ன பொருள் என்று படிப்பவருக்கு விளங்காது. அதை விட்டுவிடலாம்.

எல்லா யூனிகோடு வரியுருக்களையும் சேமிக்கவல்ல யூடிஎஃப்-8 முறையில் சேமித்த பக்கத்தில் ← ஐ நேரடியாகவே ஒட்டலாமே, சுட்டு எதற்கு என்றும் கேட்கலாம். அம்புக்குத் தேவையில்லாமல் போகலாம். ஆனால் < அடையாளத்தை உரையில் காட்ட &#60; வேண்டியிருக்கிறது. நேரடியாக எழுதினால் எச்டிஎம்எல் அதைக் கட்டளையின் தொடக்கமாக எடுத்துக்கொள்ளும் என்பதால், அந்தத் தேவை எளிதில் போய்விடாது.

இன்னும் ஒன்று பாக்கி. ↔ சில கைப்பேசிகளில் வண்ண எமோஜியாக மாறிவிடுகிறது. அதைத் தடுக்க அடுத்தபடியாக &#65038; சேர்க்கிறோம். தனியாகப் பார்த்தால் அதற்கு உருவமே கிடையாது. முன்னால் நிற்கும் வரியுரு உரைத் தோற்றத்தில் வர வேண்டும் என்று மட்டும் சொல்கிறது. இதற்குத் 'தோற்றத் தேர்வி' என்று எழுதிவருகிறேன். இதைவிடப் பொருத்தமான சொல் இருந்தால் எழுதுங்கள், மாற்றிக்கொள்கிறேன்.