அப்பாச்சிக்குப் பேட்ச் விழுந்ததா என்று எப்படி உறுதி செய்வது?

நண்பர்களே, ஓர் உதவி வேண்டும். நான் பார்த்துக்கொள்ளும் உபுண்டு சர்வரில் பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடும் ஸ்கேனரை ஓட்டினால், அப்பாச்சி வெப் சர்வர் மென்பொருளின் பதிப்பு எண்ணை மட்டும் பார்த்துவிட்டு வரிசையாகச் சிவிஇ எண்களை (அறியப்பட்ட பாதுகாப்பு ஓட்டைகளின் அடையாள எண்கள்) காட்டுகிறது. பதிப்பு எண் பழையதாகவே இருந்தாலும் பாதுகாப்புத் திருத்தங்களை (பேட்ச்) உபுண்டு அதிலேயே சேர்த்துவிடும் என்று தெரியும். மாற்றங்களைப் பட்டியலிடும் சேஞ்ச்லாக்கில் ஒவ்வொன்றாகத் தேடித்தேடிக் கண் பூத்துவிட்டது.

அலட்சியமாக விடவும் பயம். 2021 அக்டோபரில் அப்பாச்சி 2.4.49-இன் பாத் டிராவர்சல் ஓட்டையை (அனுமதியில்லாத கோப்புகளை வெளியாள் எட்டவிடும் ஓட்டை) அடைக்க 2.4.50 வந்து, அதுவும் போதாமல் சில நாளிலேயே 2.4.51 வந்ததே!

எந்தப் பேக்கேஜ் பதிப்பில் எந்த ஓட்டை அடைபட்டது என்று உபுண்டு வெளியிடும் ஓவல் (OVAL) தரவை வைத்து, சர்வரைச் சோதிக்கும் ஓபன்ஸ்கேப் (OpenSCAP) கருவியை ஓட்டியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? முடிவை நம்பலாமா?

இன்னொன்று. அப்பாச்சி பயன்படுத்தும் மறையாக்க லைப்ரரியான ஓப்பன்எஸ்எஸ்எல்லைப் புதுப்பித்த பிறகும், ரீஸ்டார்ட் ஆகாததால் அப்பாச்சி பழைய லைப்ரரியிலேயே ஓடிக்கொண்டிருந்ததை நேற்றுதான் பார்த்தேன். இதை எப்படிக் கண்காணிக்கிறீர்கள்?