ஷேர்பாயிண்ட், ஒன்டிரைவ் பாதுகாப்பு ஸ்கேன்: டேட்டா அளவை எப்படிக் கணக்கிடுவது?

கேள்வி

வணக்கம். எங்கள் அலுவலகத்தில் ஏறத்தாழ 800 பேர் மைக்ரோசாஃப்ட் 365 பயன்படுத்துகிறோம். ஷேர்பாயிண்டிலும் (குழுக்களின் பொதுக் கோப்புகள் இருக்கும் இடம்) ஒன்டிரைவிலும் (ஒவ்வொருவரின் சொந்தக் கோப்புகள் இருக்கும் இடம்) உள்ள கோப்புகளில் ஆதார் எண், பான் எண், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவை எங்கெங்கே கிடக்கின்றன என்று ஒரு முறை முழுமையாக ஸ்கேன் செய்துவிட்டு, பிறகு மாறும் கோப்புகளை மட்டும் தொடர்ந்து கவனிக்க இருக்கிறோம். விலைப்புள்ளி தரும் நிறுவனம் மொத்தம் எத்தனை டெராபைட் என்று கேட்கிறது. அட்மின் சென்டரில் ஷேர்பாயிண்டுக்கு 6, ஒன்டிரைவுக்கு 4 என்று காட்டுகிறது. கூட்டி 10 டெராபைட் என்று எழுதிக் கொடுக்கலாமா? கூடுதலாகச் சொன்னால் பட்ஜெட் தாங்காது. குறைத்துச் சொன்னால் ஸ்கேன் பாதியில் நின்றுவிடுமோ என்று கவலையாக இருக்கிறது.

முதல் பதில்

தயவுசெய்து 10 என்று எழுதிக் கொடுக்காதீர்கள். அட்மின் சென்டர் காட்டுவது நீங்கள் அடைத்துக்கொண்டிருக்கும் இடத்தின் அளவே தவிர, ஸ்கேன் படிக்கப்போகும் அளவு அன்று. ஷேர்பாயிண்ட் லைப்ரரிகளில் ஒரு கோப்புக்கு 500 வெர்ஷன்கள் (திருத்தும்போது சேமிக்கப்படும் நிலைகள்) வரை வைத்திருப்பது நெடுங்காலமாக இயல்பு அமைப்பாக இருந்துவருகிறது. ஒவ்வொரு வெர்ஷனும் இடக்கணக்கில் முழு அளவோடு சேரும். 20 எம்பி உள்ள ஒரு பிரசன்டேஷன் 50 வெர்ஷன்களாக இருந்தால் கணக்கில் 1 ஜிபி போய்விடும். ஆனால் இத்தகைய கருவிகள் பெரும்பாலும் படிப்பது கடைசி வெர்ஷனான 20 எம்பியை மட்டுமே. நீக்கிய கோப்புகள் ரீசைக்கிள் பின்னில் 93 நாள் தங்குகின்றன. ரிடென்ஷன் பாலிசி (கோப்புகளைக் குறிப்பிட்ட காலம் அழியாமல் வைத்திருக்கும் விதி) இருந்தால், அதற்காகப் பாதுகாக்கப்படும் நகல்களும் அதே தளத்தின் கணக்கில் ஏறுகின்றன.

ஆகவே கிராஃப் ஏபிஐ (மைக்ரோசாஃப்ட் 365 தகவல்களை ஸ்கிரிப்ட் மூலம் எடுக்க உதவும் இடைமுகம்) வழியாக ஒவ்வொரு தளத்திலும் உள்ள கோப்புகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றின் தற்போதைய அளவையும் எடுத்து, நீட்டிப்பு (கோப்பு வகை) வாரியாகக் கூட்டுங்கள். டீம்ஸ் கூட்டப் பதிவுகளும் ஒன்டிரைவிலும் ஷேர்பாயிண்டிலும்தான் சேமிக்கப்படுகின்றன என்பதால், எம்பி4 (வீடியோ) வரிசை உங்களை வியக்க வைக்கும். எண்களைத் தேடும் ஸ்கேனுக்கு அவற்றால் பயன் இல்லை; மால்வேர் ஸ்கேனும் சேர்த்துக் கேட்டிருந்தால் மட்டும் அவற்றைக் கணக்கில் வையுங்கள்.

இரண்டாம் பதில்

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் முழு ஸ்கேன் எத்தனை நாள் எடுக்கும் என்பதைத் தீர்மானிப்பது டெராபைட்டை விடக் கோப்புகளின் எண்ணிக்கைதான். அழைப்புகள் மிகுந்தால் மைக்ரோசாஃப்ட் 429 என்ற மறுமொழியை அனுப்பி, இத்தனை வினாடி கழித்து வா என்று சொல்லிவிடும். உங்களிடம் 30 லட்சம் கோப்புகள் இருந்து, கருவி வினாடிக்கு 10 கோப்புகளைப் படிக்கிறது என்று வைத்துக்கொண்டால், 3 லட்சம் வினாடி, அதாவது ஏறத்தாழ மூன்றரை நாள் ஆகும். தடுப்பு வந்தால் இன்னும் நீளும்.

ஆதார் நகல்கள் பெரும்பாலும் கைபேசியில் எடுத்த படங்களாகவோ ஸ்கேன் செய்த பிடிஎஃப்களாகவோ இருக்கும். அளவில் அவை சிறியவை. ஆனால் படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்க ஓசிஆர் என்ற தொழில்நுட்பம் தேவைப்படும். பல நிறுவனங்கள் அதற்குப் பக்கக்கணக்கில் தனிக் கட்டணம் வாங்குகின்றன. உங்கள் நோக்கத்துக்கு இதுவே முக்கியமான எண் என்பேன்.

கேட்டவரின் மறுமொழி

மிக்க நன்றி. மனிதவளப் பிரிவின் தளத்தில் மட்டும் ஸ்கிரிப்டை ஓட்டிப் பார்த்தேன். 310 ஜிபி என்று காட்டிய தளத்தில் கடைசி வெர்ஷன்கள் 90 ஜிபிக்குள் அடங்கிவிட்டன. இதே விகிதத்தில் மொத்தத்தையும் 3 டெராபைட் என்று கொள்ளலாமா?

மூன்றாம் பதில்

வேண்டாம். மனிதவளப் பிரிவில் ஒரே எக்செல் கோப்பை நாள் முழுவதும் திறந்து வைத்துத் திருத்துவார்கள். ஆட்டோசேவ் வெர்ஷன்களைக் குவித்துக்கொண்டே இருக்கும். வடிவமைப்புப் பிரிவிலோ பெரிய கோப்புகள் ஒரு முறை ஏற்றப்பட்டு அப்படியே கிடக்கும். அங்கே விகிதம் தலைகீழாக இருக்கலாம். மிகப் பெரிய 20 தளங்களை முழுமையாக எண்ணிவிட்டு, எஞ்சியவற்றில் பிரிவுக்கு ஒன்றாக மாதிரி எடுங்கள். டீம்ஸ் சேனல்களில் பகிரும் கோப்புகள் ஷேர்பாயிண்டில்தான் இருக்கின்றன. விலைப்புள்ளியில் டீம்ஸுக்குத் தனி வரி இருந்தால் ஒரே கோப்பை இரு முறை எண்ணாதபடி கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

தொடர் ஸ்கேனுக்கு, டெல்டா வினவல் (கடைசியாகப் பார்த்த பிறகு மாறியவற்றை மட்டும் தரும் கிராஃப் ஏபிஐ அழைப்பு) மூலம் இரண்டு வாரம் தினமும் மாறும் கோப்புகளை எண்ணிப் பாருங்கள். மாதக் கடைசி அதற்குள் வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே கோப்பு ஒரு நாளில் பத்து முறை மாறினால் பத்து முறையும் கட்டணம் உண்டா என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.