டிஸ்ட்ரஸ் ஷேரிங்: இடர்ப்பகிர்வா, நீர்க்குறைப் பங்கீடா?

நண்பர்களுக்கு வணக்கம்.

காவிரிச் செய்திகளில் ‘டிஸ்ட்ரஸ் ஷேரிங்’ என்று அடிபடுகிறது. ஆற்றில் நீர் குறைந்த ஆண்டில் அந்தக் குறையை மாநிலங்கள் தங்களுக்குள் பிரித்துக்கொள்வதுதான் அது. அதற்குத் தமிழ்ச்சொல்லாக முன்மடலில் வந்த ‘இடர்ப்பகிர்வு’ கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இடரை ‘ரிஸ்க்’குக்குப் பலர் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். படிப்பவருக்குக் காப்பீடு நினைவுக்கு வரும், காவிரியில் சேரும் கபினி ஆறு வராது. ‘வறட்சிப் பங்கீடு’ம் சரிப்படாது. தஞ்சையில் நல்ல மழை பெய்து குடகில் பொய்த்தாலும் இந்தக் கணக்கு வந்துவிடும்.

பொருளைப் பார்ப்போம். காவிரி நடுவர் மன்றம் 2007 இல் ஆற்றில் 740 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) கிடைக்கும் என்று வைத்துப் பங்கு பிரித்தது. அது 50 விழுக்காடு நம்பகத்தன்மையில் போட்ட கணக்கு. ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அவ்வளவு வராது என்று தெரிந்தேதான் போட்டார்கள். வராத ஆண்டில் தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம், புதுச்சேரி நான்கின் பங்கும் ஒரே விகிதத்தில் குறையவேண்டும் என்பது தீர்ப்பு. 2023 இல் பருவமழை குறைந்தபோது, கர்நாடகத்தின் நான்கு அணைகளுக்கு வந்த நீரை வைத்து எவ்வளவு குறைப்பது என்பதில்தான் இழுபறியே. ஆக, பங்கு போடப்படுவது குறை.

அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில் கதை வேறு. அங்கே முந்தி எடுத்தவருக்கே முன்னுரிமை. அரிசோனா தன் பெரிய கால்வாய்க்கு ஒப்புதல் வாங்குவதற்காக, 1968 இல் கலிபோர்னியாவுக்குப் பின்னால் நிற்கச் சம்மதித்தது. 2021 ஆகஸ்டில் அந்த ஆற்றின் நீர்த்தேக்கமான மீட் ஏரியில் முதன்முறையாகப் பற்றாக்குறை அறிவித்தார்கள். மறு ஆண்டு அரிசோனாவுக்குச் சுமார் 5,12,000 ஏக்கர் அடி (ஓர் ஏக்கரில் ஓரடி உயரம் நிற்கும் நீர் ஓர் ஏக்கர் அடி) நீர் வெட்டு, கலிபோர்னியாவுக்கு ஒரு சொட்டுகூட வெட்டில்லை. நம் சொல் இதற்கும் பொருந்திவிட்டால் அது தவறான சொல்.

‘முறைப்பாசனம்’ என்ற டெல்டாச் சொல்லையே எடுத்துக்கொள்ளலாமே என்று எனக்கும் ஆசை வந்தது. மேட்டூரில் நீர் இறங்கினால் ‘முறை விட்டிருக்காங்க’ என்பார்கள். ஆனால் முறை என்பது நாளைப் பிரிப்பது, இங்கே பிரிவது அளவு. விட்டுவிட்டேன்.

பகிர்வா பங்கீடா? பகிர்வு இப்போது முகநூலுக்குப் போய்விட்டது, தவிர அதில் மனமுவந்து கொடுக்கும் தொனி இருக்கிறது. காவிரியில் யார் மனமுவந்து கொடுத்தார்கள்! ரேஷன் கார்டைப் ‘பங்கீட்டு அட்டை’ என்றவர்கள் நாம். தட்டுப்பாட்டில் அளந்து கொடுப்பது என்ற வாசனை பங்கீட்டில் முன்பே இருக்கிறது.

முதலில் ‘குறைநீர்ப் பங்கீடு’ என்று எழுதினேன். அப்புறம் பார்த்தால் குறைநீர் என்பது மிஞ்சிய நீர் ஆகிவிடுகிறது, நமக்கு வேண்டியதோ குறை. அதனால் ‘நீர்க்குறைப் பங்கீடு’. சொல்லும்போது நாக்கு கொஞ்சம் இடறுகிறது, ஒப்புக்கொள்கிறேன். வினையாக்கினால் இடறல் இல்லை: ‘நான்கு தரப்பும் நீர்க்குறையைப் பங்கிட்டுக்கொண்டன.’

பொதுப்பணித் துறையில் இருந்தவர்கள் இந்த மடற்குழுவில் உண்டு. கோப்பில் இப்படி எழுத உங்கள் கை வருமா?